படத்தின் பின்பக்கம்

"அந்த மெரூன் பட்டுச் சேலையைக் கட்டும்" என்றான் சிவபாலன், குசினி வாசலில் நின்றபடி.

கிரிஜா தோசைக்கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். சனிக்கிழமை காலை ஏழு மணி. பக்கத்து வீட்டில் அதற்குள் புல் வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"கடற்கரைக்குத்தானே போறம். ஏன் பட்டு?"

"படம் எடுக்க வேணும். ஊருக்கு அனுப்ப. கெதியாக் கட்டும்."

முன்னறையில் இந்திரகுமார் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். சிட்னியில் லிட்கம் என்ற இடத்திலிருந்து பஸ்ஸில் மெல்பேர்ணுக்கு வந்தவன். கருநீலக் கோட்டு அணிந்திருந்தான். கோட்டின் கைகள் மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் முன்பே முடிந்துவிட்டன. அது அவனோடு அறையில் இருப்பவனின் கோட்டு என்று வந்ததும் வராததுமாக அவனே சொல்லியிருந்தான். தரை துடைக்கும் மருந்தில் ஊறி அவன் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. லிட்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு அதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் சுழிபுரத்துக்குப் போன கடிதத்தில் அந்த வேலைக்கு 'சுப்பவைசர்' என்று பெயர்.

அந்தக் கடிதத்தை எழுதியவன் சிவபாலன். இந்திரகுமாருக்குப் பெண் பார்த்தவனும் அவன்தான். பெண், கிரிஜாவின் தங்கை யோகராணி. சுழிபுரத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவர்களின் தகப்பன், ஐயா, பதில் எழுதியிருந்தார்: 'மூத்தவள் அங்கேதான் இருக்கிறாள். ஏதும் பிசகென்றால் எழுதமாட்டாளா? அவள் ஒன்றும் எழுதவில்லை. ஆகவே எங்களுக்குச் சம்மதம். மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பவும்.'

'அவள் ஒன்றும் எழுதவில்லை.' அந்த வரியைக் கிரிஜா இரண்டு கிழமையாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், 1973இல், அவளுக்கும் ஒரு படம் வந்தது. செங்கல் வீடு ஒன்றின் முன்னால், வெள்ளைக் கார் ஒன்றில் சாய்ந்தபடி சிவபாலன். கீழே 'எஞ்சினியர், மெல்பேர்ண்' என்று எழுதியிருந்தது. பௌதிகத்தில் பட்டம் எடுத்த பெண்ணுக்கு எஞ்சினியர் மாப்பிள்ளை பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கார் முதலாளியுடையது. வீடு யாருடையது என்று இன்றுவரை தெரியாது. சிவபாலன் டாண்டினோங் பக்கத்தில், வீடு போல உள்ளே தங்கக்கூடிய கரவன் வண்டி கட்டும் யார்ட் ஒன்றில் இரும்பு ஒட்டுபவனுக்கு உதவியாள். அவளுக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. 'லாப்பில் வேலை செய்கிறேன்' என்று வீட்டுக்கு எழுதினாள். லாப்தான். அங்கே அவள் கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிறாள்.

பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு அவர்களோடு யார்ட்டுக்குப் போனாள்.

படத்துக்காகச் சிவபாலன் பார்த்து வைத்த வண்டி அங்கே பின்புறத்தில் நின்றது. உள்நாட்டில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்து, அதைப் போலவே கட்டச் சொன்னாராம். சாதாரணக் கரவன் வாகனத்தின் பின்னால் தொங்கும். இதுவோ கழுத்தை நீட்டி, பிக்கப் ட்ரக்கின் முதுகிலேயே ஏறி உட்காரும். ட்ரக்கின் பின்தட்டில் குதிரைச் சேணம் போல ஓர் இரும்புத் தட்டு. வண்டியின் கழுத்திலிருந்து இறங்கும் முளை அந்தத் தட்டில் மாட்டிக்கொள்ளும். யார்ட்டில் எல்லோரும் அதை 'ஃபிஃப்த் வீல்' என்றார்கள். பண்ணைக்காரருக்கு அதுவும் போதவில்லை. வண்டியின் வாலில் ஒரு கொக்கி வைத்து, அதில் தன் படகையும் கொழுவ வேண்டும் என்று ட்ரக்கோடு படகையும் கொண்டுவந்து விட்டிருந்தார். தெருவில் ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்றை இழுக்கக் கூடாது, தன் தோட்டத்துக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று ஃபோர்மன் சொல்லியிருந்தார். கொக்கியை ஒட்டும்போது கூட நின்றவன் சிவபாலன். யார்ட்டின் சாவியும் அவனிடம் இருந்தது.

"இஞ்ச நிண்டே எடுக்கலாமே பாலண்ணை" என்றான் இந்திரகுமார்.

"இரும்புக் குப்பைக்கு முன்னாலயோ? கடற்கரையில நிண்டாத்தான், மச்சான், உன்ர எண்டு நம்புவினம். ட்ரக், வீடு, போட். மூண்டும் ஒரு படத்தில வரவேணும். சுழிபுரம் முழுக்க அதுதான் கதையா இருக்கும்."

முளை தட்டில் விழுந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. பிறகு படகின் ட்ரெய்லரை உருட்டி வந்து வாலில் கொழுவினார்கள். கொழுவும் முன் கிரிஜா அதன் முன்கம்பியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையிலேயே வந்தது.

"இஞ்சருங்கோ, முன்னுக்குப் பாரம் காணாது" என்றாள் மெதுவாக. "பின்னுக்கு மோட்டர் இழுக்குது. ஓடேக்க வால் ஆடும்."

"கடலுக்கு இறக்கவோ போறம்? படம் எடுக்கத்தானே. உம்மட ஃபிசிக்ஸை வீட்டில வச்சிட்டு ஏறும்."

மூன்று பேரும் முன் ஆசனத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கிரிஜா நடுவில். மடியில் ரொட்டிப் பொட்டலம்.

"ராணிக்கு என்ன விருப்பம் அக்கா?" என்று இந்திரகுமார் கேட்டான், ஜன்னலைப் பார்த்தபடி.

"பொய் சொல்லுறது விருப்பமில்லை" என்று வாய்வரை வந்தது. "மீன் வளக்கிறவ" என்றாள். "பள்ளிக்கூடத்தில ஒரு தொட்டி வச்சிருக்கிறா."

"அப்ப போட் பாத்தால் சந்தோசப்படுவா" என்று சிவபாலன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

பிராங்ஸ்டன் கடற்கரைக்குப் போகும் வழியில் ஓர் இறக்கம் வந்தது. வேகம் கூடியதும் பின்னால் எங்கோ ஓர் அசைவு. முதலில் ஊஞ்சல் போல. பிறகு படகு இடமும் வலமும் வீசத் தொடங்கியது. வீச்சு வண்டிக்கு ஏறி, வண்டியிலிருந்து ட்ரக்குக்கு ஏறியது. சிவபாலன் பிறேக்கை மிதித்தான். வீச்சு இன்னும் கூடியது.

"பிறேக்கை விடுங்கோ" என்றாள் கிரிஜா. "இரண்டு காலையும் எடுங்கோ. ஸ்ரியரிங்கை நேராப் பிடியுங்கோ."

அவன் காதில் விழவில்லை. விழுந்தாலும் ஏறவில்லை.

இந்திரகுமார் அதையே திருப்பிச் சொன்னான், உரத்து. "பிறேக்கை விடுங்கோ அண்ணை. இரண்டு காலையும் எடுங்கோ."

சிவபாலன் விட்டான். இறக்கம் முடிந்து, மெல்ல மெல்ல வால் அடங்கியது. ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நல்ல வேளை, நீ சொன்னாய் மச்சான்" என்றான்.

இந்திரகுமார் கிரிஜாவைப் பார்த்தான். கிரிஜா பொட்டலத்தைப் பார்த்தாள்.

கடற்கரை நிறுத்துமிடத்தில் வெயில் நன்றாக இருந்தது. கடல் நீலமாகப் பின்னால் தெரிய, ட்ரக்கும் வண்டியும் படகும் ஒரே வரிசையில் நின்றன. சிவபாலன் கமெராவைக் கண்ணில் வைத்துப் பின்னால் பின்னால் போனான். நாயுடன் வந்த கிழவர் ஒருவர் நின்று வண்டியின் நீளத்தைப் பார்த்து, "யுவர்ஸ்?" என்று கேட்டார். சிவபாலன், "யெஸ், யெஸ்" என்றான். ஊருக்குப் போக வேண்டிய பொய் அந்தக் கிழவருக்கு எதற்கு என்று கிரிஜாவுக்கு விளங்கவில்லை.

"நீரும் போய் நில்லும். அவனுக்குப் பக்கத்தில."

"நான் ஏன்? மாப்பிள்ளையின்ர படம்தானே கேட்டவை."

"நீர் நிண்டால்தான் நம்புவினம். உம்மட தங்கச்சிக்கு நம்பிக்கை வரவேண்டாமோ? சிரியும் கொஞ்சம்."

கிரிஜா போய் நின்றாள். சிரித்தாள். தலைக்குள் அவளுடைய ஐயா கேட்டுக்கொண்டிருந்தார்: பிசகென்றால் எழுதமாட்டாளா? 'கிளிக்' என்றது.

படம் எடுத்தாயிற்று. திரும்பும்போதுதான் தெரிந்தது, அந்த நிறுத்துமிடத்துக்கு வேறு வாசல் இல்லை. வந்த வழியே பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். சிவபாலன் எடுத்தான். வண்டி ஒரு பக்கம் திரும்ப, படகு மறுபக்கம் மடிந்தது. மறுபடி முன்னே போய் எடுத்தான். இந்த முறை படகு மற்றப் பக்கம் மடிந்தது. நாய்க்கிழவரும் இன்னும் நாலு பேரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பிள்ளை ஐஸ்கிறீமை நக்கியபடி சிரித்தது.

"இரண்டு மூட்டு இருக்குது" என்றாள் கிரிஜா. "முன்னுக்கு இழுக்கலாம். பின்னுக்குத் தள்ளினால் ஒண்டுக்கு எதிரா மற்றது மடியும். போட்டைக் கழட்டித்தான் எடுக்க வேணும்."

இந்த முறை அவன் பேசாமல் இறங்கிக் கழற்றினான்.

படகைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்திரகுமார் கோட்டைக் கழற்றி, மடித்து, கல் ஒன்றின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தான். கிரிஜா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபக்கம் தள்ளினாள். சிவபாலன் ட்ரக்கில் இருந்தான்.

"அக்கா" என்றான் இந்திரகுமார். "உங்களுக்கு வந்த படத்தில ஒரு வெள்ளைக் கார் நிண்டதாம். பாலண்ணை சொன்னவர்."

"ஓம்."

"வந்து பாத்திட்டு என்ன செய்தனீங்கள்?"

"தேத்தண்ணி போட்டனான்."

"ஊருக்கு எழுதேல்லையோ?"

"இல்லை."

ட்ரெய்லரின் சில்லு மணலில் புதைந்தது. இருவரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள்.

"எனக்கு இது பிடிக்கேல்லை அக்கா" என்றான். "ஆனா தரை துடைக்கிறன் எண்டு எழுதினால் ஆர் பொம்பிளை தருவினம்?"

கிரிஜா குனிந்து இன்னும் அழுத்தித் தள்ளினாள். அதை ராணியிடமே கேட்கலாம் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை படம் கழுவி வந்தது. நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஃபிஃப்த் வீலின் வெள்ளைச் சுவர் கடலின் பாதியை மறைத்தது. முன்னால் இரண்டு பேர், சிரித்தபடி.

"ஐயாவுக்கு ஒரு கடிதம் எழுதி இதையும் வச்சு அனுப்பும்" என்றுவிட்டு சிவபாலன் வேலைக்குப் போனான்.

அன்று அவளுக்கு லீவு. குசினி மேசையில் படத்தைக் கவிழ்த்துப் போட்டாள். லாப் கொப்பியில் படம் கீறி இலக்கம் போட்டுப் பெயர் எழுதுவது போல எழுதினாள்.

'1. ட்ரக்: யார்ட்டுக்கு வேலைக்காக வந்தது. வேறொருவருடையது. 2. வண்டி: அவருடையது. 3. படகு: அவருடையது. 4. கோட்டு: இந்திரகுமாரோடு அறையில் இருப்பவருடையது. 5. இந்திரகுமார்: தொழிற்சாலையில் தரை துடைக்கிறார். குடிப்பதில்லை. நல்ல மனிதர் போலத் தெரிகிறது. 6. நான்: ஆஸ்பத்திரியில் குழாய் கழுவுகிறேன். இவர் எஞ்சினியர் இல்லை. ஐயா, இதையெல்லாம் ராணிக்குச் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு அவள் ஓம் என்றால் எனக்கும் சம்மதம்.'

எழுதி முடித்தாள். உறையில் ஒரு பெயர் எழுத வேண்டும். ஐயாவின் பெயரை எழுதினாள். வீட்டுக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் ஐயாவின் பெயருக்கே போகும். அதுதான் வழக்கம். வேறு பெயர் எழுதலாம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது.

'அன்பு மகள் கிரிஜாவுக்கு, படம் கிடைத்தது. பின்பக்கத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல் கொடுத்தாயிற்று. படத்தை ஃபிரேம் போட்டு முன் அறையில் மாட்டிவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீ எழுதியது உள்ளே சுவரோடு இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். நீயும் அப்படித்தானே போனாய். பட்டினி கிடக்கவில்லையே. இனி இதைப் பற்றி எழுதாதே.'

கிரிஜா எழுதவில்லை.

எழுதியிருக்கலாம். ராணி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் விலாசம் அவளுக்கு மனப்பாடம். அவளும் அங்கே படித்தவள்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடதாசியை எடுப்பாள். 'நீயும் அப்படித்தானே போனாய்' என்ற வரி முன்னே வந்து நிற்கும். ராணிக்கு எழுதினால் முதலில் தன்னைப் பற்றி எழுத வேண்டும். வெள்ளைக் காரைப் பற்றி, மூன்று வருடம் அனுப்பிய கடிதங்களைப் பற்றி. கடதாசியைத் திரும்ப வைத்துவிடுவாள். வெட்கம்தான். அதற்கு வேறு நல்ல பெயர்களும் அவள் வைத்திருந்தாள்: ஐயாவின் சொல், குடும்ப மானம், ராணியின் வாழ்க்கை.

ஆறு மாதம் கழித்து யோகராணி சிட்னியில் வந்து இறங்கினாள். மறு சனிக்கிழமை பதிவுத் திருமணம். கிரிஜாவும் சிவபாலனும் முதல் நாளே லிட்கத்துக்குப் போனார்கள். சிவனேஸ்வரி அன்ரி என்ற ஓர் அம்மாவின் வீட்டில் ராணி தங்கியிருந்தாள். அன்ரி சிவபாலனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக, அக்காவும் தங்கையும் குசினியில் தனியாக நின்றார்கள்.

ராணி மெலிந்திருந்தாள். மூன்று வருடம் காணாத அக்காவை அவள் கட்டிப்பிடிக்கவில்லை.

"ஐயா ஒரு சாமான் தந்துவிட்டவர்" என்று சொல்லி, துவாயில் சுற்றியிருந்த ஃபிரேமை மேசையில் வைத்தாள். "புது வீட்டில கொழுவட்டாம்."

கிரிஜா தன் சிரிப்பைத் தானே பார்த்தாள். "ராணி, இந்தப் படம்..."

"தெரியும். அவர் ஏர்போட்டிலேயே சொல்லிப்போட்டார். பெட்டியைத் தூக்க முதலே சொன்னவர். தரை துடைக்கிறன், ட்ரக் என்ர இல்லை, கோட்டும் என்ர இல்லை, விருப்பமில்லையெண்டால் திரும்பிப் போகலாம் எண்டு." குரல் தட்டையாக இருந்தது. "நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

கிரிஜா மேசையில் கிடந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள். ஃபிரேமைக் கவிழ்த்து, பின் அட்டையைப் பிடித்திருந்த சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். ஆறு ஆணிகள். அட்டையை எடுத்துவிட்டுப் படத்தின் பின்பக்கத்தைத் தங்கையின் முன் தள்ளினாள்.

ராணி குனிந்து வாசித்தாள். ஆறாவது இலக்கத்தில் அவள் விரல் நின்றது. முகம் ஒரு கணம் இளகியது போலிருந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"ஐயாவுக்கு எழுதியிருக்கிறாய்."

"ஓம்."

"கல்யாணம் ஐயாவுக்கோ?"

வெளியே ரயில் ஒன்று போனது.

"ஐயா மறைச்சால் எனக்கு ஒரு துண்டு எழுதுறதுக்கு என்ன? பள்ளிக்கூட விலாசம் மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. வெக்கமா இருந்தது ராணி."

"உனக்கு வெக்கம். எனக்கு வாழ்க்கை." ராணி படத்தை நிமிர்த்திப் பார்த்தாள். "நான் ட்ரக்கைப் பாத்து ஓம் எண்டனான் எண்டு நினைக்கிறியோ? அந்தப் போட்டைப் பாத்தோ? வந்தவை எல்லாம் அதைத்தான் பாத்தவை. நான் உன்ர முகத்தைப் பாத்தனான். அக்கா பக்கத்தில நிக்கிறாள், சிரிக்கிறாள், பயமில்லை எண்டு நினைச்சனான்."

"திரும்பிப் போறதெண்டால் நான்..."

"எங்க போறது? வேலையை விடுறன் எண்டு எழுதிக் குடுத்திட்டன். தொட்டி மீனையும் பிள்ளையளுக்குக் குடுத்திட்டன். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான். திரும்பிப் போனால் பிழை அவருக்கில்லை, ஐயாவுக்கில்லை. எனக்கு என்ன குறையெண்டுதான் கேப்பினம்." படத்தை மேசையில் வைத்தாள். "அவரைக் கட்டுறன். எனக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரோட எனக்குக் கோவமில்லை."

யாரோடு கோபம் என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் பதிவு முடிந்து எல்லோரும் அன்ரியின் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். அன்ரியின் மகன் புதிதாக வாங்கிய சிவப்புக் கார் வாசல் கேற்றடியில் நின்றது. சிவபாலன் கமெராவை எடுத்தான்.

"மாப்பிள்ளை பொம்பிளை இரண்டு பேரும் இப்பிடி வாங்கோ. காருக்குப் பக்கத்தில. வெளிச்சம் நல்லா இருக்கு."

ராணி அசையவில்லை. முற்றத்தில் துணி காயும் கம்பி ஒன்று இருந்தது. அன்ரி தோய்த்துப் போட்ட இந்திரகுமாரின் வேலைச் சட்டை ஒன்று அதில் தொங்கியது. ராணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றாள்.

"இஞ்ச எடுங்கோ அத்தான். இந்தச் சேட்டு எங்கட."

யாரோ சிரித்தார்கள். இந்திரகுமார் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"சரி, சரி. கிரிஜா, நீரும் போய்ப் பக்கத்தில நில்லும்" என்றான் சிவபாலன்.

கிரிஜா இரண்டு அடி வைத்தாள்.

"நீ வேண்டாம் அக்கா" என்றாள் ராணி. சத்தமாகச் சொல்லவில்லை. "நீ நிண்ட படத்தை நம்பித்தான் வந்தனான். இதில நிக்காதை."

சிவபாலன் சங்கடத்தை மூடப் பார்த்தான். "சின்னப்பிள்ளை மாதிரிக் கோவிக்கிறா. அதை விடும் கிரிஜா. எல்லாம் கொஞ்ச நாளில சரி வரும். உமக்கும் சரி வந்ததுதானே."

"எனக்குச் சரி வரேல்லை" என்றாள் கிரிஜா.

அவள் குரலை அத்தனை பேர் முன் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. இந்த முறை அதைத் திருப்பிச் சொல்ல வேறொருவர் தேவைப்படவில்லை.

"எனக்குச் சரி வரேல்லை. நான் சொல்லாமல் இருந்தனான், அவ்வளவுதான். என்னை ஏமாத்தினது நீங்கள். என்ர தங்கச்சியை ஏமாத்தினது நான். ஏமாந்த ஒருத்தி வெக்கப்பட்டு வாயை மூடினால், அடுத்தவளுக்குக் குழி வெட்டுறது அவள்தான். இஞ்ச நிக்கிற ஆருக்கும் ஊரில பொம்பிளை பாக்கிற எண்ணம் இருந்தால் கேளுங்கோ. இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதுங்கோ. தகப்பனுக்கு இல்லை, வரப்போற பிள்ளைக்கு எழுதுங்கோ."

அன்ரியின் மகன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிரிஜா கம்பியடியிலிருந்து விலகி வந்தாள். சிவபாலனின் கையிலிருந்து கமெராவை வாங்கிக்கொண்டாள். அவன் கொடுத்துவிட்டான். கண்ணை அதில் வைத்துப் பார்த்தபோது அந்தச் சின்னச் சதுரத்துக்குள் மூன்றுதான் இருந்தன: தங்கை, தங்கையின் கணவன், ஈரம் காயாத ஒரு வேலைச் சட்டை. ராணி நேராக அவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

சிரிக்கச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்று கிரிஜாவுக்குத் தெரியும். விசையை அழுத்தினாள்.